இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே

“மெஷின நிறுத்துங்கண்ணே” என்றேன்.

முனியராஜ் அண்ணன் திரும்பவில்லை. சத்தத்தில் காதில் விழவில்லை போல என்று பக்கத்தில் போய் இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையே விழுந்திருக்கிறது. சாமியாடிக்கொண்டிருக்கிறவரிடம் போய் மணி என்ன என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். லீவு கேட்கலாம். அட்வான்ஸ் கேட்கலாம். முதலாளி கோயிலுக்குப் போய்விட்டு வந்த முகத்தோடு இருந்தால் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள்கூடக் கேட்கலாம். “மெஷின நிறுத்துன்னு மட்டும் வாயத் தொறந்துராத தாயி. சீசன்ல அதச் சொல்ல மொதலாளிக்கே பயம்” என்றார். ஆவணியில் ஓட ஆரம்பித்தால் மார்கழி வரை ஓடும். கரண்ட் போனால் நிற்கும், யாராவது செத்தால் நிற்காது. போன வருஷம் பைண்டிங் மொக்கைச்சாமியின் மாமனார் செத்த தகவல் வந்தபோது, லோடு முடிந்த பிறகுதான் அவரிடமே சொன்னார்கள்.

திருத்தங்கல் ரோட்டில் இருக்கிற ஆஃப்செட் பிரஸ் எங்களுடையது. எங்களுடையது என்றால் கனகசபாபதி அண்ணாச்சியுடையது. தினசரி காலண்டர், மாதக் காலண்டர், டைரி, இடையில் கிடைக்கிற லேபிள் வேலை. நான் புரூஃப் பார்க்கிறவள். பெயர் மாடத்தி. ஊர் விஸ்வநத்தம். அம்மா சண்முகத்தாய் அங்கேயே பட்டாசு யூனிட்டில் வெடிக்குத் திரி செருகுகிறாள். எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். விருதுநகரில் பஸ் பாஸோடு மூன்று வருஷம் கணிதம் படித்து, முதல் வகுப்பில் தேறி, இப்போது அமாவாசை சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். படிப்பு வீண் போகவில்லை.

பிரஸ்ஸில் என்னை மாடத்தி என்று யாரும் கூப்பிடுவதில்லை. ‘மில்லி’ என்பார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. போன மாதம் ஒரு மருந்துக் கம்பெனியின் அட்டைப் பெட்டிக்கு லேபிள் அடித்தோம். அறுபது மில்லி பாட்டில், பெட்டிக்கு நூறு. மொத்தக் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று ஒரு வரி போட வேண்டும். அண்ணாச்சியின் மகன் மணிகண்டராஜ், கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர், கால்குலேட்டரைத் தட்டி அறுபது லிட்டர் என்று எழுதிக் கொடுத்தார். ஆறு லிட்டர்தான் சார் என்றேன். அறுபதை நூறால் பெருக்கினால் ஆறாயிரம் மில்லி, லிட்டராக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டும், நீங்கள் நூறால் வகுத்திருக்கிறீர்கள் என்றேன். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர்தானே, லிட்டருக்கு மட்டும் என்ன தனி நியாயம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கணிதத்தில் பதில் இல்லை. வரியை மாற்றினார்கள், என் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

அதே மருந்துக் கம்பெனிதான் இந்தத் தடவையும். மதுரைப் பக்கம். குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்புக்கு மூன்று லட்சம் லேபிள். தாளுக்கு முப்பது, ஆகப் பத்தாயிரம் தாள். இரண்டு காலண்டர் லோடுக்கு நடுவே மெஷினில் ஏற்றி, மத்தியானத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்று உத்தரவு. முந்தா நாள் அதன் புரூஃபை நான் பார்த்தேன். கம்பெனி ஆளும் வந்து பார்த்து, ஓரத்தில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதில் இப்படி இருந்தது. ஒரு வயதுக்குள் 2.5 மி.லி. ஒன்று முதல் மூன்று வயது வரை 5 மி.லி. மூன்று முதல் ஆறு வயது வரை 7.5 மி.லி.

இன்று பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது, ஓடி விழுந்த அடுக்கிலிருந்து ஒரு தாளைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். 25. 5. 75.

அதாவது கைக்குழந்தைக்கு இருபத்தைந்து மில்லி. அதன் அக்காளுக்கு ஐந்து. அண்ணனுக்கு எழுபத்தைந்து. பாட்டிலோ அறுபது. அண்ணன்காரன் ஒரு வேளைக்கு ஒரு பாட்டிலை முழுசாகக் குடித்துவிட்டு, பாக்கிப் பதினைந்து மில்லிக்குப் பக்கத்து வீட்டில் போய் நிற்க வேண்டும். அவனையாவது பாட்டில் காப்பாற்றும், பாதியில் தீர்ந்துபோகும். கைக்குழந்தைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. இருபத்தைந்துக்கு இரண்டு வேளை தாராளமாக வரும்.

மெஷினில் எண் காட்டுகிற கட்டம் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் நிறுத்தச் சொன்னேன்.

முனியராஜ் அண்ணன் நிறுத்தவில்லை. மொதலாளிகிட்ட சொல்லிட்டு வா என்றார். நான் அதற்கு முன்னால் அச்சுத்தகடு போடுகிற பிளேட் ரூமுக்குப் போனேன். புரூஃபில் இருந்த புள்ளி பிளேட்டில் எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பிளேட் போடுகிறவர் முத்துக்கருப்பன் அண்ணன். இருபது வருஷமாகக் காலண்டர் பிளேட். அவர் கையில் எப்போதும் ஒரு சின்ன பிரஷ் இருக்கும். பிளேட்டில் தூசி விழுந்தால் புள்ளியாக அச்சாகும், அதை மருந்து தொட்டு அழிப்பார். காலண்டரில் 25 என்ற தேதிக்கு நடுவே ஒரு பொட்டு விழுந்தால் போதும், ஏஜெண்டுகள் பண்டல் பண்டலாகத் திருப்பி அனுப்புவார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி வரக்கூடாது என்பது அவருக்கு வேதம். முப்பத்தொரு தேதியில் எந்தத் தேதிக்கும் தசமம் கிடையாது அல்லவா? தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாத்தியா என்று பெருமையாகச் சொன்னார். தாளுக்கு முப்பது லேபிள், லேபிளுக்கு இரண்டு. அறுபது புள்ளிகளைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார் மனிதர். ‘மி.லி.’யில் உள்ள புள்ளிகளைத் தொடவில்லை. அது எழுத்தைச் சேர்ந்ததாம், அது அவருக்குத் தெரியுமாம்.

அறுபது தூசியும் அறுபது இடத்தில் ஒரே மாதிரி வந்து உட்காருமா என்று கேட்டேன். பூதக்கண்ணாடியைத் திரும்ப எடுத்துத் தாளின் மேல் வைத்தார். பிறகு, “அந்தப் புள்ளி இல்லாட்டி எம்புட்டுக் கூடும் தாயி?” என்று கேட்டார்.

பத்து மடங்கு என்றேன். பத்து மடங்கு என்பது அவர் முகத்தில் எங்கும் போய் ஒட்டவில்லை. அதனால் அவருக்குத் தெரிந்த கணக்குக்கு மாற்றினேன். இந்த பிரஸ்ஸில் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். குவார்ட்டர் எத்தனை மில்லி என்று கேட்டால், மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவனும் தூக்கத்தில்கூட நூற்றெண்பது என்பான்.

“ஒரு ஆளு ஒரு குவார்ட்டர் அடிக்கிற எடத்துல, ஒரே மடக்குல பத்து குவார்ட்டர அடிச்சா என்ன ஆகும்ணே? ஆயிரத்து எண்ணூறு மில்லி. லிட்டர்ல சொன்னா ஒண்ணு புள்ளி எட்டு.”

“செத்துல்ல போவான்” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவர் வாழ்க்கையில் பகலில் பிரஷ்ஷைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

புரூஃப் தாளையும் அச்சான தாளையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன். அண்ணாச்சிக்கு அப்போதுதான் டீ வந்திருந்தது. மகன் எதிரே உட்கார்ந்து செல்போனில் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதல் தாள் விழுந்ததும் யார் பார்த்தது என்று கேட்டேன். மணிகண்டராஜ் சார்தான் பார்த்தாராம். சிவப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாராம். சிவப்பு சரியாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றிப் பார்த்தார். கெட்டிக்காரர். மகனைப்போல இல்லை, உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் முதல் காரியமாக எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

பிறகு ஆரம்பித்தது ஆலோசனை. அப்பாவும் மகனும் அந்த இருபது நிமிஷத்தில் காட்டிய மூளையில் பாதியைக் காலையில் காட்டியிருந்தால், நான் தண்ணீர் குடித்துவிட்டு அமாவாசை பார்க்கப் போயிருப்பேன்.

முதல் யோசனை அண்ணாச்சியுடையது. புள்ளிதானே, பைண்டிங்கில் இருக்கிற பெண்களிடம் ஆளுக்கு ஒரு கருப்புப் பேனா கொடுத்தால் வைத்துவிட மாட்டார்களா? ஆறாயிரம் தாள், தாளுக்கு அறுபது, மூன்று லட்சத்து அறுபதாயிரம் புள்ளி அண்ணாச்சி என்றேன். இத்தனைக்கும் கோலம் போடுகிற ஊர். ஆனாலும் அந்தக் கணக்கு அவரை உட்கார வைத்துவிட்டது.

இரண்டாவது யோசனை மகனுடையது. இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எண்ணை மாற்ற வேண்டாம், அளவை மாற்றிவிடலாம் என்றார். 25 என்று அச்சாகிவிட்டது, இருக்கட்டும். எந்த அளவில் 25 என்றால் சரியாக வருமோ, ‘மி.லி.’ மேல் அந்த அளவை ஒரு ஸ்டிக்கராக ஒட்டிவிட்டால் போயிற்று. சொல்லிவிட்டு, எங்கள் பிரஸ்ஸிலேயே அச்சடித்த டைரியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கே முகத்தல் அளவை வாய்பாடு இருக்கும். கிலோலிட்டர், ஹெக்டோலிட்டர், டெக்காலிட்டர், லிட்டர், டெசிலிட்டர், சென்டிலிட்டர், மில்லிலிட்டர். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. அவர் விரல் அதில் ஏறி இறங்கியது. இரண்டரை மில்லியைச் சென்டிலிட்டரில் எழுதினால் என்ன வரும் என்று கேட்டார். 0.25 என்றேன். டெசிலிட்டரில்? 0.025. லிட்டரில்? 0.0025. மேலே போகப் போகப் புள்ளி ஒழியவில்லை, பூஜ்யம்தான் கூடிக்கொண்டு போனது.

“அப்ப கீழ போவோம். மில்லிக்குக் கீழ என்ன இருக்கு?”

வாய்பாடு மில்லியோடு முடிந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பினார். பின்னால் ராகு காலம் இருந்தது.

மில்லியில் பத்தில் ஒன்றுக்கு யாரும் தனியாகப் பெயர் வைக்கவில்லை சார் என்றேன். வைத்திருந்தால் இருபத்தைந்து சரியாக வந்திருக்கும். அப்படி ஒரு அளவைக் கண்டுபிடிக்காமல் விட்டவர்கள் மேல் அவருக்கு உண்மையாகவே வருத்தம். அதற்கும் கீழே மைக்ரோலிட்டர் இருக்கிறது, அதில் 2500 என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அதுல புள்ளி இல்லையே” என்றார்.

“ஏலே மணி, சும்மா இருலே” என்றார் அண்ணாச்சி.

பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, லேபிளை எவன் படிக்கிறான் என்று கேட்டார். டாக்டர் சொன்னதைத்தானே கொடுப்பார்கள். மூடியே பத்து மில்லி பிடிக்கிற மூடி, அதில் இருபத்தைந்தை எப்படி ஊற்றுவார்கள். நம் சனம் படிக்கிற சனமா?

இவ்வளவு நேரம் நான் கைகட்டித்தான் நின்றிருந்தேன். அந்த ‘நம்’ என்ற சொல் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். அவருடைய பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் கார் மதுரைக்குப் போகும். எங்கள் தெருவில் காய்ச்சல் வந்தால் மெடிக்கல் கடைக்குப் போவார்கள், கடைக்காரர் பாட்டிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, பின்னால் போட்டிருக்கு பார்த்துக் குடுங்க என்பார்.

“படிக்காதவகதான் அண்ணாச்சி நம்பரப் படிப்பாக” என்றேன். “எங்கம்மாவுக்கு அ, ஆ தெரியாது. பஸ்ஸுக்கு நம்பர் தெரியும். ஒரு குரோசுக்கு நூத்து நாப்பத்து நாலு வெடின்னு தெரியும். நீங்க இருபத்தஞ்சுன்னு போட்டா, மூடியில ரெண்டர மூடின்னு கணக்குப் போட்டுச் சரியா ஊத்துவா. ஒரு சொட்டு சிந்தாம ஊத்துவா. மருந்துதானன்னு.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவருடைய டீ கிளாஸைக் காட்டினேன். அது நூறு மில்லி கிளாஸ். அதில் கால் கிளாஸ்தான் இருபத்தைந்து மில்லி, பல் முளைக்காத பிள்ளைக்கு. முக்கால் கிளாஸ் எழுபத்தைந்து, பால்வாடிக்குப் போகிற பிள்ளைக்கு. கிளாஸைப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

அந்த ஒரு நிமிஷம் அவர் நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தாள் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவரும் அதைத்தான் கேட்டார். அவர் காதில் அது என்னவாக விழுந்தது என்று தெரியவில்லை.

கடைசியில் தீர்ப்பு வந்தது. பெரிய மனசோடுதான் சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும். இப்போதே புது பிளேட் போடச் சொல்கிறேன், மிச்சம் நாலாயிரம் தாளைப் புள்ளியோடு ஓட்டிவிடலாம், உன் பேச்சுக்கு மரியாதை. ஓடிய ஆறாயிரத்தை அடியில் போட்டு, நாலாயிரத்தை மேலே வைத்துக் கட்டிவிடலாம். கம்பெனிக்காரன் மேல் பண்டலைத்தான் பிரித்துப் பார்ப்பான்.

“அப்ப அஞ்சு பிள்ளையில ரெண்டுக்குப் புள்ளி உண்டு, மூணுக்குக் கெடயாது” என்றேன். “அந்த மூணு எதுன்னு யாரு பாத்து முடிவு பண்ணுவா அண்ணாச்சி?”

மணிகண்டராஜ் சார் டைரியை மூடிவைத்தார். அண்ணாச்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். சிரித்தமாதிரியும் இருந்தது.

“சண்முகத்தா நல்லா இருக்காளா? நம்ம மச்சான் யூனிட்லதான இருக்கா இன்னும்?”

இதைத்தான் அம்மா எனக்குப் படிப்பு முடிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வாயைத் திறந்தால் கதவு மூடுவது உனக்கு இல்லை, எனக்கு. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் திரி செருகத் தெரிந்த கையை எந்த யூனிட்டும் வேண்டாம் என்று சொல்லாது. தீபாவளிக்குப் பிறகு என்ன என்பது எனக்குத் தெரியாது. அம்மா மூன்று நாள் என்னோடு பேச மாட்டாள் என்பது மட்டும் தெரியும். நாலாவது நாள் பேச ஆரம்பிப்பாள், அது அதைவிட மோசமாக இருக்கும்.

“நல்லா இருக்காக அண்ணாச்சி” என்றேன். “நீங்க விசாரிச்சீகன்னு சொல்லுதேன்.”

மேஜையிலிருந்த இரண்டு தாளையும் எடுத்து மடித்தேன். அந்தப் புரூஃப் தாளை வைத்துவிட்டுப் போ என்றார் அண்ணாச்சி. அது பிரஸ் சொத்து என்றார். அது கம்பெனி ஆள் கையெழுத்துப் போட்ட தாள், அண்ணாச்சி, அவங்க சொத்து, அவங்ககிட்டயே குடுத்துர்றேன் என்றேன்.  கதவை நானே திறந்து, வெளியே வந்து சாத்தினேன்.

பிளேட் ரூம் வாசலில் முத்துக்கருப்பன் அண்ணன் நின்றிருந்தார். கையில் அவராகவே போட்ட ஒரு புது பிளேட் இருந்தது. யாரும் சொல்லாமல் போட்டிருக்கிறார். லேபிளுக்கு இரண்டாக அறுபது புள்ளியும் இருந்ததா என்று எண்ணிப் பார்க்க நேரமில்லை, இருந்திருக்கும். என்னிடம் அதை நீட்டினார். நான் என்ன செய்வேன் அதை வைத்துக்கொண்டு? மெஷின் பக்கம் கொண்டுபோங்கண்ணே என்று தலையால் காட்டினேன்.

என் மேஜையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தேன். இன்னும் சாப்பிடவில்லை, கனமாகத்தான் இருந்தது. மெஷினைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். எண் காட்டுகிற கட்டத்தில் ஏழாயிரத்து நூறு. முனியராஜ் அண்ணன் குனிந்து மையைப் பார்ப்பதுபோல நின்றார்.

“மில்லி, எங்கன போற? மணி பன்னெண்டுகூட ஆகல.”

“போன் பேச.”

“யாருக்கு?”

கையிலிருந்த தாளைப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு லேபிளின் அடியிலும் பொடி எழுத்தில் கம்பெனி முகவரி இருக்கிறது. அதற்குக் கீழே புகார்களுக்கு என்று ஒரு தொலைபேசி எண், தாளுக்கு முப்பது தடவை. முத்துக்கருப்பன் அண்ணன் பிரஷ் அதைத் தொடவில்லை. அதில் அழிக்கிறமாதிரி புள்ளி ஒன்றும் இல்லை.

முனியராஜ் அண்ணன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாத்தியிருந்த ஆபீஸ் கதவைப் பார்த்தார். அவருக்கு வீட்டில் எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கை மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அழுத்தினாரா என்று பார்க்க நான் நிற்கவில்லை. எதிர்ச்சாரியில் எஸ்.டி.டி. பூத்துக்காரர் சாப்பிடப் போவதற்குள் போக வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.